சின்னவளைக் காணவில்லை

"சின்னவளைக் காணோம் சார்" என்று அந்த அம்மாள் போனில் விம்மியபோது, துருவி பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"பதறாதீங்கம்மா. என்ன வயசு?"

"ஒன்பது."

"உயரம்?"

"என் முழங்கால் அளவு."

துருவியின் பேனா அப்படியே நின்றது. ஒன்பது வயதுப் பிள்ளை முழங்கால் உயரமா? எதிர் மேசையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்த வாயாடி, ஸ்பீக்கருக்கு அருகே குனிந்து கேட்டாள். "கடைசியா நீங்க பார்த்தப்ப என்ன போட்டிருந்தா?"

"மொட்டு! உடம்பு பூரா மொட்டு போட்டிருந்தாம்மா!"

அந்த நிமிடமே போனை வைத்திருக்க வேண்டும். துருவி வைக்கவில்லை. அதன் பலன், இதோ, கொட்டும் மழையில் ஒரு நர்சரியின் வேலியோரம் நின்றுகொண்டு, இரண்டு ஷூவிலும் தண்ணீர் ஏறி, யாரோ ஒருவர் வளர்த்த ரோஜாச் செடிக்காக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தபோது வண்டி தானாக எரிந்ததா, எரித்தார்களா என்று துருவித் துருவிக் கேட்டே அந்தப் பெயரைச் சம்பாதித்தவர் அவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு சின்ன அறையைப் பிடித்துத் துப்பறியும் போர்டு மாட்டினார். அவருடைய அக்கா மகள் உதவிக்கு வந்து சேர்ந்தாள். முன்பு ஒரு வானொலியில் காலை நேரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தவள். வேலை போன பிறகும் பேச்சு போகவில்லை. அதனால் அவள் வாயாடி.

"மாமா, தும்மாதீங்க. திருடன் உஷாராயிடுவான்."

"தும்மல் வருது. நான் என்ன பண்ண?"

"பாதி பாதியாத் தும்முங்க."

துருவி பல்லைக் கடித்துக்கொண்டார். அவருடைய எரிச்சலுக்கு மழை மட்டும் காரணமில்லை. இந்த வழக்கில் எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் கையோடு வந்துவிடுகிறது. அதன் மறுமுனையில் எதுவுமே இல்லை.

காணாமல் போன சின்னவள் ஒரு குட்டை ரோஜாச் செடி. அவளை உருவாக்கிய ரோஜாக்காரம்மா, கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். வேலையில் இருந்தபோதே வீட்டுப் பின்கட்டில் கண்ணாடிக் கொட்டகை போட்டு, ஒரு ரோஜாவின் மகரந்தத்தை இன்னொன்றில் தூரிகையால் தொட்டு வைத்து, காய் பிடிக்க வைத்து, விதை எடுத்து, முளைக்க வைத்து, முளைத்ததில் தேறியதை மறுபடியும் கலந்து, அதிலிருந்து ஒன்பது வருடத்துக்கு முன் தேறிய ஒரே செடி அது. முழங்காலுக்கு மேல் வளராது. வருடம் பூராவும் பூக்கும். எல்லாவற்றுக்கும் மேல், கரும்புள்ளி நோய் அதை அண்டாது.

கரும்புள்ளி என்றால் என்ன என்று துருவிக்கு இந்த இரண்டு நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது. மழைக்காலம் தொடங்கியதும் அடி இலையில் மை தெறித்த மாதிரி ஒரு புள்ளி விழும். பிறகு இலை மஞ்சளாகும், உதிரும். நோய் கீழிருந்து மேலே ஏறும். மழை ஓய்வதற்குள் செடி வெறும் முள்குச்சி. அதைத் தடுக்க வாராவாரம் மருந்து அடிக்க வேண்டும்.

"பால்கனியில வெச்சுக்கிறாங்க, பக்கத்துலயே குழந்தை தவழுது. அங்க போய் விஷத்தை அடின்னு எப்படிச் சொல்றது?" என்று அந்த அம்மாள் சொன்னபோது குரல் உடைந்தது. "ஒரு சொட்டு மருந்து இல்லாம வளர்ற ரோஜா சார் அவ."

நாளைக் காலையில் புதிய ரகங்களைப் பதிவு செய்யும் குழு செடியைப் பார்க்க வருகிறது. இந்த நேரம் பார்த்து மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த ரோஜாக்காரம்மா திரும்பி வந்தால், மேசை காலி. சின்னவளின் கிளையை வெட்டி வேர் விடவைத்திருந்த கன்றுத் தட்டும் சேர்ந்தே காலி.

துருவி கொட்டகையைப் பார்த்தார். பூட்டு உடையவில்லை. கண்ணாடியில் கீறல் இல்லை. வாசல் வரை சேற்றுத் தடம் இருந்தது. எல்லாம் வீட்டுச் செருப்புகள். ஒரே ஒரு விஷயம்தான் அவர் கண்ணை உறுத்தியது. சின்னவள் இருந்த மேசைக்கு அடியில் மட்டும் தரை துப்புரவாகப் பெருக்கப்பட்டிருந்தது.

"பெருக்கிட்டுப் போற திருடனா?" என்றாள் வாயாடி. "விலாசம் கிடைச்சாச் சொல்லுங்க மாமா. எங்க வீட்டுல மூணு ரூம் இருக்கு."

பின்பக்கம் இன்னொரு கொட்டகையும் இருந்தது. ரோஜாக்காரம்மா அதற்கு வைத்திருந்த பெயர் காய்ச்சல் கொட்டகை. புதிதாகக் கலந்து வளர்த்த செடிகளின் மேல் வேண்டுமென்றே நோயைத் தெளித்து, எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்கும் இடம். வரிசை வரிசையாகப் புள்ளி விழுந்த, மொட்டையான, பரிதாபமான செடிகள். வாசலில் நின்று அந்த அம்மாளும் துருவியும் சுத்தமான இலை எங்கேயாவது தெரிகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

அங்கேதான் துருவிக்கு அந்த யோசனை வந்தது. ஊரில் இருக்கும் ரோஜாவெல்லாம் மழையில் நோய் பிடித்துக் கிடக்கிறது. அப்படியென்றால் இலை சுத்தமாக எங்கே ஒரு ரோஜா நிற்கிறதோ அதுதான் சின்னவள்!

யோசனை பிரமாதமாகத்தான் இருந்தது. தெருத் தெருவாக நடந்து, ஒரு பல் டாக்டரின் மாடியில் பளபளவென்று ஒரு குட்டை ரோஜாவைக் கண்டுபிடித்து, பல்வலி என்று பொய் சொல்லி உள்ளே போய், நாற்காலியில் வாயைப் பிளந்து உட்கார்ந்து, நைசாகக் கையை நீட்டித் தொட்டால், பிளாஸ்டிக். இந்தக் கூத்தில் டாக்டர் நிஜமாகவே ஒரு சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்துவிட்டார்.

மிச்சம் இருந்தது இந்த நர்சரி ஒன்றுதான். நர்சரிக்காரர் முன்பு ஒருமுறை சின்னவளை விலைக்குக் கேட்க, ரோஜாக்காரம்மா முகத்தில் அடித்த மாதிரி மறுத்திருக்கிறார். "அவர்தான் சார், வேற யாரு?" என்று போலீசில் எழுதியும் கொடுத்துவிட்டார். இன்று சாயங்காலம் விசாரிக்க ஆள் வருகிறார்கள்.

"மாமா! அங்க பாருங்க!" வாயாடி கையைப் பிடித்து இழுத்தாள்.

நீலத் தார்ப்பாய்க்குப் பின்னால், ஒரு மூலையில், முழங்கால் உயரத்தில் ஒரு ரோஜா. இலை ஒவ்வொன்றும் முழுசாக, பச்சையாக. ஒரு புள்ளி கிடையாது.

துருவி வேலியைத் தாண்டினார். தாண்டினார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. வேலி அவரைக் கீழே போட்டது. எழுந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டே போய் இலையைத் தொட்டார். விரல் நுனியில் வெள்ளைத் தூள் ஒட்டியது. கிளைகளைப் பார்த்தார். ஒவ்வொரு கிளையின் நுனியும் கத்தரியால் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது.

"போச்சு" என்றார். "இது குட்டையா வளரல. குட்டையா வெட்டியிருக்காங்க. இலையில மருந்து அப்பிக் கிடக்கு."

"மேக்கப்பும் ஹேர்கட்டும்" என்றாள் வாயாடி.

"யாருய்யா அது?"

மழைக்கோட்டும் கையில் மண்வெட்டியுமாக நர்சரிக்காரர் நின்றார். துருவி தன் அட்டையை நீட்டினார். அது நனைந்து கூழாகியிருந்தது.

"ஓ, அந்தம்மா அனுப்பின ஆளா? ஏன் சார், இருபது வருஷமா இதே இடத்துல தொழில் பண்றேன். செடியைக் கத்தரிச்சாக் குட்டை, மருந்து அடிச்சா சுத்தம். அதைத்தான் நான் விக்கிறேன், எல்லாரும் விக்கிறாங்க. அவங்க செடி நிஜமாவே நல்ல செடி, அதான் கேட்டேன். குடுக்கலன்னதும் விட்டுட்டேன். அதுக்குப் போய் ஊரெல்லாம் திருட்டுப் பட்டமா? நாளைக்கு என் கடைக்கு எவன் வருவான்?"

அவருடைய கோபத்தில் பொய் இல்லை. தீ விபத்து பார்த்துப் பார்த்துத் துருவிக்கு அது தெரியும்.

"அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல" என்று நர்சரிக்காரர் முனகினார். "அவங்க வீட்டுக்காரரு தங்கமான மனுஷன். போன வாரம்கூட வந்து கரும்புள்ளிக்கு மருந்து வாங்கிட்டுப் போனாரு. உங்க வீட்டுக்கு எதுக்குங்க மருந்துன்னு கிண்டல்கூடப் பண்ணினேன். மனுஷன் சிரிக்கவே இல்ல."

பக்கத்து பஸ் நிறுத்தத்தில் துருவி உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார். தண்ணீர் கொட்டியது.

"அந்த வீட்டுல ஒரு சொட்டு மருந்து கிடையாது. அந்தம்மாவோட சத்தியம் மாதிரி அது. அப்புறம் மருந்து எதுக்கு?"

"அவரே செடியைத் திருடி வேற எங்கயோ வெச்சு வளக்கிறாரோ? நோய் வராம இருக்க மருந்து அடிக்கிறாரு."

"நோய் வராத செடிக்கு நோய் வராம இருக்க மருந்தா?"

வாயாடி வாயைத் திறந்தாள், மூடினாள். அது அபூர்வமான காட்சி.

துருவி இரண்டாவது ஷூவைக் கழற்றப் போனவர், கயிற்றைப் பிடித்தபடியே உறைந்தார். பெருக்கப்பட்ட தரை. மேசைக்கு அடியில் மட்டும். செடிக்கு அடியில் என்ன விழும்? மண் விழும், மண்ணை யாரும் மறைக்க வேண்டியதில்லை. பூவிதழ் விழும், அதையும் மறைக்க வேண்டியதில்லை. பிறகு?

"இலை" என்றார். "மஞ்சளாகி, புள்ளி விழுந்து உதிர்ந்த இலை. அதைத்தான் பெருக்கியிருக்காரு."

"மாமா..."

"நாம சுத்தமான செடியைத் தேடிக்கிட்டு ஊரெல்லாம் சுத்தினோம் பாரு, அதனாலதான் கிடைக்கல. சின்னவளுக்குக் காய்ச்சல்."

திரும்பிப் போகும் வழியில் வாயாடி ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. துருவிக்கும் துப்புத் துலங்கிய சந்தோஷம் வரவில்லை. கண்டுபிடித்தது யாருக்கும் வேண்டாத விஷயம்.

முன்வாசல் பக்கம் போகாமல் நேரே காய்ச்சல் கொட்டகைக்குப் போனார்கள். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. வரிசைக்குள் புகுந்து, புள்ளிகளைப் பார்க்காமல் தண்டுகளைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில், மற்ற செடிகளின் உயரத்துக்குச் சரியாக வருவதற்காக, ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் இன்னொரு தொட்டியை வைத்திருந்தார்கள். அதில் முழங்கால் உயரச் செடி. அடிப்பகுதி மொட்டை. மேல் இலைகளில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. மொட்டு இருந்த இடமெல்லாம் கிள்ளப்பட்டிருந்தது. மேசைக்கு அடியில் சாக்கைப் போட்டு மூடிய கன்றுத் தட்டு, அதிலும் புள்ளி.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

பின்னால் வீட்டுக்காரர் நின்றார். ரோஜாக்காரம்மாவின் கணவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அகன்ற தோளும் சின்னக் குரலுமாக இருப்பார். கையில் மருந்து தெளிக்கும் பம்பு. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

"ஒவ்வொரு மொட்டாக் கிள்ளினேன் சார். மொட்டு இருந்தா அவ பார்த்ததும் கண்டுபிடிச்சிருவா."

"ஏன் சார்?" துருவியின் குரல் அவர் நினைத்ததைவிடக் காட்டமாக வந்தது. "ரெண்டு நாளா நாயாய் அலையறோம்."

"என்னாலதான் வந்துச்சு. அவ பிரசவத்துக்குப் போகும்போது படிச்சுப் படிச்சுச் சொன்னா, வேர்லதான் தண்ணி ஊத்தணும், இலை நனையக் கூடாதுன்னு. எனக்கு இடுப்பு வலி. குனிய முடியல. ஹோஸ் பைப்பை எடுத்து மேலேருந்து அடிச்சேன், தினம். ஒரு நாள் பார்த்தா அடி இலையில புள்ளி." பம்பின் கைப்பிடியை இறுக்கினார். "மருந்து அடிச்சுச் சரி பண்ணிடலாம்னு பார்த்தேன். ஏறிக்கிட்டே போச்சு. அவ வர்ற நாள் வந்திருச்சு. அப்பதான், களவு போச்சுன்னு வெச்சுக்கலாமேன்னு தோணிச்சு."

"அவங்க துடிச்சுப் போயிருக்காங்களே" என்றாள் வாயாடி மெதுவாக.

"துடிப்பா, தெரியும். ஆனா களவு போனா, 'என் செடி அப்படி இருந்துச்சு'ன்னு காலம் பூரா சொல்லிக்கலாம். நோய் வந்துச்சுன்னா அந்த மாதிரி ஒரு செடி இல்லவே இல்லன்னு ஆயிடும். ரெண்டுல களவே தேவலைன்னு நினைச்சேன்." அவர் துருவியின் முகத்தைப் பார்த்தார். "திருட்டுன்னே இருக்கட்டும் சார். கிடைக்கலன்னு சொல்லிட்டுப் போயிருங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

துருவி கன்றுத் தட்டின் மேல் சாக்கை இழுத்து மூடினார். ஒரு நிமிடம் அதற்கு இணங்கிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. வழக்கில் தோற்றேன் என்று சொல்வது அவருக்குப் புதிதல்ல.

"சாயங்காலம் நர்சரிக்காரர் வீட்டுக்குப் போலீஸ் போகுது" என்றார் கடைசியில்.

வீட்டுக்காரர் முகம் வெளிறியது. "போலீசா? எனக்கு... எனக்குச் சொல்லலியே அவ."

"உங்ககிட்ட மறைக்கணும்னு இல்ல, உங்களுக்கு மனசு கஷ்டப்படும்னு சொல்லியிருக்க மாட்டாங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா அது துப்பு. நீங்க சொன்னாத்தான் பேச்சு."

சொல்லப் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. குரல் கேட்டு ரோஜாக்காரம்மாவே வந்துவிட்டார். கணவர் கையில் இருந்த பம்பைப் பார்த்தார். கவிழ்த்த தொட்டியைப் பார்த்தார். அதன் மேல் இருந்ததைப் பார்த்தார்.

 தகரக் கூரையில் மழை சடசடத்தது.

அவர் செடிக்கு முன்னால் மண்டியிட்டு, ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். பிறகு அடுத்தது. கணவர் தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஹோஸ் பைப், இடுப்பு வலி, மொட்டு, சாக்கு, எதையும் விடவில்லை.

"மேலேருந்து ஊத்தினீங்களா?" என்று மட்டும் கேட்டார் ரோஜாக்காரம்மா.

"ஆமாம்மா. என் தப்புதான். நான்தான் கெடுத்தேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"பூமியில மழை எங்கேருந்துங்க பெய்யுது?" அந்த அம்மாள் எழுந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. கோபம் யார் மேல் என்றுதான் துருவிக்குப் புரியவில்லை. "கீழேருந்தா பெய்யுது? மேலேருந்து தண்ணி ஊத்தினதுக்கே காய்ச்சல் வருதுன்னா, மழையில என்ன பண்ணுவா? பால்கனியில வெச்சவங்க குடையா பிடிப்பாங்க? ஒன்பது வருஷமா ஒரு இலை நனையாமக் கைக்குள்ளயே பொத்தி வளத்துட்டு, நோய் அண்டாத செடின்னு ஊருக்கே சொன்னேன். பரிட்சைன்னு நான் வெச்சது ஒரே ஒரு தெளிப்பு, ஒரே ஒரு நாள் ஈரம். அவ பாஸாயிட்டான்னு நானே மார்க் போட்டுக்கிட்டேன். நிஜப் பரிட்சையை நீங்க வெச்சிருக்கீங்க."

"அப்ப நான் கெடுக்கலையா?"

"செடியைக் கெடுக்கல." குரல் தாழ்ந்தது. "என்னை ஏமாத்தினீங்க. அதை நான் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டேன்."

அவர் செய்த முதல் காரியம், குடையை எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையம் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றது. அடுத்தது, நர்சரிக்குப் போய் வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டது. நர்சரிக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அடியையும் வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் நனைந்தபடி வீடு திரும்பியதைத் துருவி எதிர்சாரியில் நின்று பார்த்தார்.

மறுநாள் குழு வந்தது. வந்தவர்களைக் கண்ணாடிக் கொட்டகைக்கு அழைத்துப் போகாமல் நேரே காய்ச்சல் கொட்டகைக்குக் கூட்டிப் போனார் ரோஜாக்காரம்மா. "குட்டையா வளருவா. நிறையப் பூப்பா. ஆனா நோய் வருது. விண்ணப்பத்துல நான் எழுதினது தப்பு" என்றார். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீ ஆறுவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

"ஜெயிச்ச கேஸ்லயும் தோத்த மாதிரி மூஞ்சி வெச்சிருக்கிற ஒரே ஆள் நீங்கதான் மாமா" என்றாள் வாயாடி.

"திருடனே இல்லாத கேஸ்ல எங்கடி ஜெயிக்கிறது?"

விடைபெறலாம் என்று பின்கட்டுக்குப் போனார்கள். மழை விட்டிருந்தது. ரோஜாக்காரம்மா புது நாற்றுத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொட்டகைக்கு வெளியே, திறந்த வெளியில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். இன்னும் பெயர்கூட வைக்காத பிஞ்சுச் செடிகள். வீட்டுக்காரர் தொலைவில் சுவரோரமாக, கிட்டே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். நேற்றிலிருந்து அவர்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

கடைசித் தட்டை வைத்துவிட்டு அந்த அம்மாள் போய்க் குழாயைத் திறந்தார். ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு வந்து கணவரின் கையில் திணித்தார்.

"ஊத்துங்க."

அவர் பைப்பைத் தாழ்த்தி, வேரைப் பார்த்துக் குனியப் போனார். இடுப்பு மடங்க மறுத்தது.

"குனியாதீங்க" என்றார் ரோஜாக்காரம்மா. "மேலேருந்து ஊத்துங்க. எல்லாத்துக்கும்."

"செத்துப் போயிடுமேம்மா."

"போறது போகட்டும். மிச்சம் நிக்கிறது எது, எத்தனைன்னு அப்புறம் பார்ப்போம்."

வீட்டுக்காரர் நிமிர்ந்து நின்று, கட்டைவிரலால் பைப்பின் வாயை அழுத்தினார். தண்ணீர் விசிறியாக மேலே எழும்பி, அந்தப் பிஞ்சுகள் அத்தனையின் தலையிலும் விழுந்தது.